டபுள் டாக்டர்

“அந்த ஒரு ரீலை மட்டும் படத்துல போடாதீங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பல் டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

டைரக்டருக்குச் சுருக்கென்றது. அவள் அலையாய் அலைந்து எடுத்த படம் இது. சினிமாவைப் பிழைப்பாக இல்லாமல் வெறும் ஆசைக்காக எடுத்தவர்களைப் பற்றிய படம். உள்ளங்கையில் அடங்கும் பழைய எட்டு எம்.எம். கேமரா. சாவி கொடுத்தால் ‘கிர்ர்’ என்று ஓடும். அதைத் தூக்கிக்கொண்டு லீவு நாளெல்லாம் தெருத்தெருவாகச் சுற்றிய கணக்கர், தபால்காரர், பல் டாக்டர் என்று ஒரு சங்கமே இருந்தது. அந்தப் பைத்தியங்கள் மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம்.

அதிலும் இந்த டாக்டர்! மழை விட்டது தெரியாமல் குடையோடு நடக்கிற ஓர் ஆளை எப்படி ரசித்து எடுத்திருக்கிறார்! இந்த மனுஷன் ஏன் போயும் போயும் பல் பிடுங்கப் போனார் என்று அவள் ஆச்சரியப்படாத நாளில்லை.

அவரா இப்படிக் கேட்பது?

“அந்தக் கதையைத்தான் சங்கத் தலைவரே சொல்லிட்டாரே டாக்டர். படத்துல வருதே.”

“அவர் சொல்றது தாராளமா இருக்கட்டும். ரீல்தான் வேண்டாம்.”

நல்லா இருக்கே நியாயம் என்று நினைத்துக்கொண்டாள். பெரிய மனுஷர்களுக்கும் தங்கள் தப்பைத் திரையில் பார்க்கத் தைரியம் கிடையாது.

தலைவர் பேட்டியில் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்.

“என் பொண்ணு கல்யாணத்தைப் படம் எடுக்க நான் வெளியாள் யாரையும் கூப்பிடலம்மா. நம்ம டாக்டர் இருக்காரேன்னு நம்பினேன். மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? ஓடி முடிஞ்ச ரீலைப் புது ரீல்னு நினைச்சு மறுபடி கேமராவுல மாட்டிட்டார்! பிலிமைக் கழுவுற வரைக்கும் ரெண்டும் பார்க்க ஒண்ணுபோலத்தானே இருக்கும்? கல்யாணத்து மேலேயே வேற என்னவோ பதிஞ்சுபோச்சு. சங்கத்துல போட்டுப் பார்த்தா, பொண்ணு மாப்பிள்ளை மேல யார் யாரோ நடக்கிறாங்க! நான் கத்தின கத்துல டாக்டர் அப்பவே நிறுத்திட்டு, ‘என் தப்புதான்’னு தலையைக் குனிஞ்சு நின்னார். அன்னியிலேருந்து அவர் பேரு ‘டபுள் டாக்டர்’!”

மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொல்லியிருந்தார்.

“அன்னிக்கு நானும் கொஞ்ச நேரம் எடுத்தேன். பிரமாதமா எடுத்தேன். அந்த ரீலையும் தொலைச்சுட்டார், பாவி!”

அதற்குப் பிறகு அந்த டபுள் ரீலை யாரும் பார்க்கவில்லை. டாக்டர் இவளிடம் கொடுத்த பெட்டியின் அடியில், பேர் எழுதாத டப்பாவில் அது கிடந்தது. கொடுக்கும்போது அவரே அதை மறந்திருந்தார்; அவள் கண்டெடுத்துச் சொன்ன பிறகுதான் இந்தக் கெஞ்சல்.

“போடுறதா வேண்டாமான்னு பார்த்துட்டுச் சொல்றேன் டாக்டர்” என்று எடிட்டிங் அறை விளக்கை அணைத்தாள்.

மணமக்கள் கைகோத்து நடந்து வந்தார்கள். அவர்கள் மேல் மங்கலாக நாற்காலிகள் மிதந்தன. திடீரென்று திரை முழுக்க ஒரு வாய் திறந்தது. மணப்பெண்ணின் வாய்தான். கல்யாணக் கூட்டம் மொத்தமும் வரிசையாக அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“என்ன டாக்டர் இது?”

“சாப்பாட்டு நேரத்துல பொண்ணுக்குப் பல்வலி. மூலையில உட்காரவெச்சுப் பார்த்தேன்.”

“கல்யாண வீட்டுலயும் தொழிலை விடலையா!”

திரையில் டாக்டரின் ஒரு கை பெண்ணின் தாடையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை பஞ்சோடு வாய்க்குள் இருந்தது. பக்கத்திலேயே அவருடைய முகம். கேமரா ஆசை ஆசையாக அவரைச் சுற்றி வந்தது.

அவள் சட்டென்று படத்தை நிறுத்தினாள்.

“டாக்டர், உங்க ரெண்டு கையும் இங்க இருக்கே. அப்போ கேமரா யார் கையில இருந்தது?”

அவர் திரையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“தலைவர் எடுத்துத் தொலைஞ்சுபோச்சுன்னு சொன்ன ரீல்... இதுதானா?”

டாக்டர் மெல்லத் தலையாட்டினார்.

“நான் பல்லைப் பார்த்துட்டிருந்தப்போ என் பையிலேருந்து ஒரு ரீலை எடுத்து அவரே மாட்டிட்டார். ஓடின ரீல்னு அவருக்குத் தெரியல. ஆனா நல்லாத்தான் எடுத்திருக்கார், பாருங்க.”

“ஊரே உங்களைக் கேலி பண்ணுதே டாக்டர்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நான் கெடுத்தேன்னா அது ஒரு ஜோக்கும்மா. அவரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் கெடுத்தார்னு தெரிஞ்சா? பெத்த பொண்ணு கல்யாணப் படத்தைத் தன் கையாலேயே அழிச்சோமேன்னு மனுஷன் உடைஞ்சு போயிடுவார்.”

இவரையா தைரியம் இல்லாதவர் என்று நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

படம் திரையிட்ட அன்று தலைவரின் பேட்டி வந்தபோது அரங்கமே அதிர்ந்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் டாக்டர்தான்.

படம் முடிந்ததும் தலைவர் நேரே அவளிடம் வந்தார்.

“எல்லாம் சரி, அந்த டபுள் ரீலைக் காட்டவே இல்லையேம்மா? டாக்டர் கொடுக்கலையா?”

“கொடுத்தார் சார். நான்தான் எங்கேயோ தொலைச்சுட்டேன்” என்றாள் அவள். “என் தப்புதான்.”

தலைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“போச்சு போ! அந்த டாக்டரோட பழகிப் பழகி, நீயும் அவரை மாதிரியே ஆயிட்டியேம்மா!”