அகராதியில் தாதா

"ஐயா, தாதா வந்திருக்காரு!"

தட்டச்சு செய்யும் பெண் ஓடி வந்து சொன்னதும் அகராதி ஆசிரியர் துள்ளி எழுந்தார்.

கடைத்தெருவையே ஆட்டிப் படைக்கும் தாதா, இரண்டு அடியாட்களோடு மாடி அலுவலகத்துக்குப் பதினேழு படியும் ஏறி வந்து நின்றார்.

"வாங்க தம்பி, உட்காருங்க." ஆசிரியர் தம் நாற்காலியையே கொடுத்துவிட்டார்.

"நீங்க போடுற அகராதியில 'தாதா'ன்னு ஒரு சொல் வருதாமே? அச்சகத்துல நம்ம ஆளு சொன்னான். என்ன அர்த்தம் போட்டிருக்கீங்க?"

அன்று மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகவேண்டிய தாள் மேசைமேல் கிடந்தது. அந்தச் சொல்லுக்கு நேரே இரண்டு வரி. ஆசிரியர் பேனாவை எடுத்து இரண்டாவது வரியைச் சட்டென்று அடித்தார். முதல் வரியை மட்டும் படித்தார்.

"வேற்றுமொழிச் சொல். அம்மொழியில் அண்ணனை மரியாதையாக அழைப்பது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் தம்பி."

"ஏதோ அடிச்சீங்களே?"

"அது... எழுத்துப் பிழை."

தாதா பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீ படிம்மா."

அவள் ஆசிரியரைப் பார்த்தாள். ஆசிரியர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இங்கே... ஆள்பலத்தைக் காட்டி ஊரை மிரட்டிப் பிழைப்பவன். போக்கிரி."

தாதா தாளின்மேல் குனிந்தார்.

"யாரு எழுதினது?"

"இந்தப் பொண்ணுதான்!" என்றார் ஆசிரியர், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல்.

அவள் வாயைப் பிளந்தாள். அவள் தட்டச்சில் அடித்தது எழுத்தை மட்டும்தான், அர்த்தம் ஆசிரியருடையது.

தாதா அடியாட்களிடம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் கீழே போய் நில்லுங்கடா."

அவர்கள் இறங்கும்வரை காத்திருந்தார்.

"அருமையா எழுதியிருக்கேம்மா. ஐயா, அடிச்ச வரியைத் திரும்பப் போடுங்க. அண்ணன் கிண்ணன்னு வர்றதை வேணும்னா பொடி எழுத்துல போட்டுக்குங்க."

"தம்பிக்குக் கோபம் இல்லையா?"

"நீங்க வேற! என் மக ஆறாவது படிக்கிறா. பெரியவளானா அப்பா மாதிரி தாதா ஆவேன்னு பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதி வெச்சிருக்கா. அது கேவலமான பொழைப்புன்னு நான் தலைகீழா நின்னு சொல்லிட்டேன். சிரிக்கிறா. புத்தகத்துல இருந்தாத்தான் நம்புவா. இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துத் திட்டி எழுதுங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமா போகும்!"