ஷுன் வந்துட்டானா?

"அரிசி டப்பாவுக்குள்ள என்னப்பா ஒளிக்கிறீங்க?"

மகள் சாயோவின் குரல் கேட்டதும் ஷிகேகி திடுக்கிட்டுக் கையை உருவினார். முழங்கை வரை அரிசி. விரலிடுக்கில் பளபளவென்று ஒரு டிஸ்க்.

சாயோவுக்கு வந்ததே கோபம்!

அம்மாவின் பிறந்த நாளுக்கென்று டோக்கியோவில் கடை கடையாக அலைந்து வாங்கிய பரிசாயிற்றே அது! 'நட்சத்திரக் காவலன் ஹகுரோ'. அம்மா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் டிவியில் வந்த கார்ட்டூன் தொடர். மலை உயரத்துக்கு ஒரு இரும்பு ரோபோ. அதை ஓட்டுகிற ஷுன் என்ற பையன். அவனுக்காகக் காத்திருக்கும் லீனா. உலகத்தைக் காப்பாற்றிய நேரம் போக, மீதி நேரமெல்லாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து முகம் சிவப்பார்கள்.

அம்மா மினாகோ இரண்டு நாளாகக் கணப்பு மேஜைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு, ஆரஞ்சு உரித்துத் தின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள், பாட்டு வந்தால் கூடவே பாடினாள். கடைசி டிஸ்க் மட்டும்தான் பாக்கி. காலையிலிருந்து அதைக் காணோம்.

"பெட்டியில ஒரு டிஸ்க்கைக் குறைச்சுக் குடுத்துட்டார்னு நெனச்சு, கடைக்காரருக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்துட்டேன்ப்பா! பாவம், அந்த மனுஷன் மன்னிப்பு மேல மன்னிப்பு கேட்டார். அம்மா ஒரு கார்ட்டூன் பார்த்துச் சந்தோஷப்படுறது கூட உங்களுக்குப் பொறுக்கலையா? இந்த வயசுல, பொம்மைப் பையன் மேல பொறாமையா?"

"மெதுவாப் பேசும்மா! உங்கம்மாவுக்குப் பாம்புக் காது."

ஷிகேகி சமையலறைக் கதவைச் சாத்தினார்.

"கடைசியில ஷுன் செத்துப்போயிடுறான்."

"கார்ட்டூன்லதானே?"

"உனக்குப் புரியாது. அப்போ உன் தாத்தாவோட படகு டூனா மீன் பிடிக்கப் போயிருந்துச்சு. புயல்ல மாட்டிக்கிச்சு. ஒரு தகவலும் இல்லை. உங்கம்மா துறைமுக ஆபீஸ் வாசலிலேயே கிடந்தா. கடைசி எபிசோடை அவ பார்க்கலை. எங்க வகுப்புல வீடியோ பெட்டி இருந்தது நம்ம வீட்ல மட்டும்தான். டேப்ல எடுத்து வைன்னு என்கிட்ட சொல்லியிருந்தா."

"சரி."

"மறுநாள் கண்ணெல்லாம் வீங்கி வந்து நிக்கிறா. 'ஷுன் வந்துட்டானா? அவன் வந்தா எங்கப்பாவும் வந்துடுவார்னு நெனச்சு வச்சிருக்கேன்'கிறா. நான் என்னத்தச் சொல்ல? அவன் ரோபோவோட வெடிச்சுச் சிதறினதைப் பார்த்து முந்தின நாள்தான் நானே அழுது முடிச்சிருந்தேன்."

சாயோவின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"வந்துட்டான்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். விடியற்காலையில கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துல, கடலுக்குள்ளேர்ந்து ரோபோ எழுந்து வந்துச்சுன்னு அளந்துவிட்டேன்."

"டேப்பைக் காட்டுன்னு கேக்கலையா?"

"கேட்டாளே! பேஸ்பால் மேல பழியைப் போட்டேன். ஞாயித்துக்கிழமை ஆட்டம் இழுத்துக்கிட்டே போகும். அது முடிஞ்சாத்தான் நம்ம தொடரைப் போடுவான். டைமர் வச்ச வீடியோ பெட்டிக்கு அதெல்லாம் தெரியுமா? அதுபாட்டுக்குப் பாதியிலேயே நின்னுடும். அந்தக் காலத்துல வீடியோ பெட்டி வச்சிருந்த எல்லா வீட்லயும் இதே கூத்துதான். அதனால அவளும் நம்பிட்டா."

"மத்த பசங்க உளறலையா?"

"ஒவ்வொருத்தன் கிட்டேயும் கெஞ்சினேன். கால்ல விழாத குறை. ஒருத்தனும் வாயைத் திறக்கலைம்மா. தங்கமான பசங்க." ஷிகேகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த வாரமே தாத்தாவோட படகும் கரைக்கு வந்துடுச்சு."

"அப்புறமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? எங்க கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சு அந்த முடிவைத்தானே ஊருக்கே சொன்னா! கைக்குழந்தையா இருந்த உன்னைத் தூங்க வச்சதும் அதே கதையைச் சொல்லித்தான். இத்தனை வருஷம் கழிச்சு அத்தனையும் பொய்னு தெரிஞ்சா, என் மூஞ்சியில முழிப்பாளா?"

சாயோ டிஸ்க்கை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"மறைக்கிறதுக்கு இடமா கிடைக்கலை உங்களுக்கு? ராத்திரி அரிசி களையப் போறது அம்மாதானே!" என்று முணுமுணுத்தபடி அதைத் தன் கைப்பையின் அடியில் செருகிக்கொண்டாள்.

இருவரும் கூடத்துக்கு வந்தார்கள்.

"அம்மா, அந்தக் கடைசி டிஸ்க் கடையிலேயும் இல்லையாம். இனிமே கிடைக்காதாம்." சாயோ பழத்தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போகுது, விடு." மினாகோ கணவர் பக்கம் ஓர் ஆரஞ்சை உருட்டிவிட்டாள். "ஏங்க, நீங்களே சொல்லுங்களேன். உங்களை விடவா அவங்க அழகா எடுத்திருக்கப் போறாங்க?"

ஷிகேகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டென்று உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார். கடல் கொந்தளித்தது, லீனா கரையில் நின்றாள், அலையைப் பிளந்துகொண்டு ரோபோவின் கை எழுந்தது. மேஜை அதிர, அவர் கையும் எழுந்தது. மினாகோ கண் கொட்டாமல் அவரையே பார்த்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"டேப்லதான் வராமப் போச்சு. பாழாப்போன பேஸ்பால்! அன்னிக்குன்னு பார்த்து ஆட்டம் முடிவேனாங்குது…"

மினாகோ மகளின் காதருகே குனிந்தாள்.

"அன்னிக்கு ஜப்பான் பூரா புயல் மழைடி. ஆட்டமே நடக்கலை. அதனாலதான் இவரைக் கட்டிக்கிட்டேன்."