வெள்ளிக்கிழமை வைத்தியம்

வசந்தகுமாரியின் புடவையில் மறுபடியும் அந்தப் புகை வாசனை. பீடி இல்லை, சிகரெட் இல்லை, அடுப்புப் புகையும் இல்லை. ஏதோ பச்சிலையைச் சுருட்டிப் பிடித்தது மாதிரி ஒரு காட்டம், கஜபதியின் மூக்கில் ஏறி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இன்னாடி இது நாத்தம்?"

"டாக்டரு மூலிகை கொளுத்தி சூடு காட்டுறாரு. கழுத்து வலி எவ்ளோ தேவல தெரியுமா? அவரு கை பட்டாலே பறந்துடுதுய்யா."

கை என்றதும் கஜபதிக்குச் சுருக்கென்றது.

டாக்டர் சண்முகசுந்தரம் இருப்பது குமணன்சாவடியில். எம்.பி.பி.எஸ். முடித்து, கொழும்புக்குப் போய்ச் சீன ஊசி வைத்தியமும் படித்துவிட்டு வந்தவர். மாத்திரையும் எழுதுவார், முடி மாதிரி மெல்லிசான ஊசிகளைத் தோலில் நட்டும் வைப்பார்.

வலி என்றால் கஜபதிக்கும் இருந்தது. ஆவடி டாங்க் ஃபேக்டரியில் அவன் வெல்டர். வலது தோள் இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேல் எழும்புவதில்லை. அடுத்த மாதம் மெடிக்கல் போர்டு. அதற்குள் கை எழும்பாவிட்டால் வெல்டிங்கை மறந்துவிட வேண்டியதுதான். ஃபேக்டரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, கூடவே அந்த ஊசியையும் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

"சண்டையில நம்மாளுங்கள சுட்டவன் சீனாக்காரன். டாங்கு செய்ற நான் அவன் ஊசிய குத்திக்கணுமா?" என்று அன்றைக்கே மறுத்துவிட்டான். தேசபக்தி எல்லாம் சும்மா. ஃபேக்டரியில் தடுப்பூசி போட வந்தபோது கேன்டீன் வழியாக ஓடியவன் என்பது அவன் குடியிருக்கும் கோவில்பதாகைக்கே தெரியும்.

வசந்தகுமாரியும் கொஞ்ச நாள் கெஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அதற்கப்புறம்தான் அவளுக்கே கழுத்து வலி வந்தது.

வந்த வலி வெள்ளிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து வந்தது. டி.வி.யில் பாட்டுப் போடுகிற நேரம். தெருவே முனியம்மா வீட்டுக் கூடத்தில் குந்தியிருக்கும். இவள் அதைக்கூட விட்டுவிட்டு, கஜபதிக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, அவன் எதிரிலேயே பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தன் பொத்தானைப் போட்டுக்கொள்ளக் கை எழும்பாத புருஷனுக்கு அது எப்படி எரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவன் மட்டும் கும்மிடிப்பூண்டிக்கு அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை, அவள் எங்கேயும் போகவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாக முனியம்மா சொன்னாள். அன்றைக்கு டாக்டர் ஊரில் இல்லை போலிருக்கிறது என்று கஜபதி அதற்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவனும் பஸ் ஏறினான். கையும் களவுமாகப் பிடித்து, அந்த டாக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடிப்பதாகத் திட்டம். இடது கையால்தான்.

கிளினிக் முழுக்க அதே புகை வாசனை. வசந்தகுமாரி வெளியே காத்திருந்தவர்களில் இல்லை. நர்ஸிடம், மஞ்சள் புடவை கட்டிய அம்மாவுக்கு என்ன வியாதி என்று மெதுவாக விசாரித்தான்.

"அவங்களுக்கு ஒரு வியாதியும் இல்லையே. டாக்டராண்ட பேசறதுக்கு வருவாங்க. உள்ள கீறாங்க."

கஜபதி உள்ளே நுழையப் போனான். உள்ளே போக வேண்டுமென்றால் பேஷன்ட்டாகத்தான் போக முடியும் என்று நர்ஸ் சொல்ல, தோள் வலி என்றான். பெயர் கேட்டதற்கு வாயில் வந்த துலுக்கானத்தைச் சொல்லிவைத்தான். நர்ஸ் அவன் சட்டையைக் கழற்றி, திரை போட்ட கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுப் போனாள். டாக்டர் வந்ததும் துள்ளி எழ வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

டாக்டர் வந்தார். பொறாமைப்படுவதற்கு வசதியாக நல்ல உயரம், நல்ல நிறம். கஜபதி வாயைத் திறப்பதற்குள் வலது தோளில் எறும்பு கடித்த மாதிரி ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தான். நாலைந்து ஊசிகள் தோளில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"அசையாதீங்க," என்றார் டாக்டர். "ஃபேக்டரி ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திடாதீங்க. அதுவும் இதுவும் சேர்ந்தாதான் கை எழும்பும்."

சட்டையைப் பிடிக்க வந்தவன் மூச்சு விடவே பயந்து கிடந்தான். ஃபேக்டரியில் வேலை என்றே தான் இங்கே யாரிடமும் சொல்லவில்லையே என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம் போனார். உடனே அங்கே வசந்தகுமாரியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கஜபதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து ஓட வேண்டும், ஆனால் ஊசிகள் நிற்கின்றனவே.

"நீங்க சொன்ன மாதிரியே வந்துட்டாரும்மா," என்றார் டாக்டர். "பேரை மட்டும் மாத்திச் சொல்றாரு."

"நான்தான் சொன்னேனே டாக்டர், எங்க ஊட்டுக்காரரு கூப்ட்டா வரமாட்டாரு, சந்தேகப்பட்டா தானா ஓடியாருவாரு."