இல்லாத சக்களத்தி

மாத்திரையின் அளவைக் கூட்டிய பிறகு அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

அவளுக்கு அதில் ரகசியமாக ஒரு திருப்தி.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவான். முன்னறையில் தைத்துக்கொண்டிருப்பவள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து தட்டு வைப்பாள். அவன் ரொட்டியைக் கையில் எடுத்ததும் வாயோரம் சிரிப்பு வந்துவிடும். பக்கத்தில் நின்று யாரோ காதில் குசுகுசுத்தது போல.

கல்யாணத்துக்கு முன்பே அவனுக்கு மனச்சிதைவு நோய். மறைக்காமல் சொல்லித்தான் கட்டிக்கொண்டான். குரல் கேட்கும் என்றான், அது நிஜமில்லை, தன் மூளையே போடும் சத்தம்தான் என்பதும் தனக்குத் தெரியும் என்றான். இப்படித் தன் நோயைத் தானே எட்ட நின்று பார்க்க எல்லோராலும் முடிவதில்லை என்று டாக்டரே பாராட்டினார்.

அவளுக்கும் அதில் பெருமைதான். ‘அது’ என்றே சொல்லிவந்தவன் ஒருநாள் வாய்தவறி ‘அவ’ என்று சொல்லும்வரை.

அன்று பிடித்தது வயிற்றெரிச்சல்.

உயிரோடு ஒருத்தி இருந்தால் தெருவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம். இவளை எங்கே போய்த் தேடுவது? வயசு ஏறாது. முடி கொட்டாது. பாத்திரம் தேய்க்க வேண்டியதில்லை. காதோரம் குடியிருந்துகொண்டு அவனைச் சிரிக்கவைப்பது மட்டும்தான் வேலை. கட்டிய மனைவி சொன்ன எந்த வேடிக்கைக்கும் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

இல்லாதவள் என்று தெரியாமல் சிரித்தால் நோய். தெரிந்தே சிரித்தால் அதற்கு என்ன பெயர்?

போன முறை டாக்டரிடம் அவளே முந்திக்கொண்டாள். தனியாகச் சிரிக்கிறார், கவனம் சிதறுகிறது, பார்க்கிற வேலையோ ஆபத்தானது. சொன்னது எல்லாம் உண்மைதான். தான் சொல்வதன் காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

இன்று அவன் ரொட்டியைக் கையில் வைத்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன, போயிட்டாளா?” கேட்கும்போது தன் குரலில் இருந்த குஷி அவளுக்கே கேட்டது.

“போயிட்டா. இன்னொருத்தன்தான் போகல.”

இன்னொருத்தனா? இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சே வந்ததில்லை.

சொல்லக் கூசினான். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

“நீ தட்டு வச்சதும் ஆரம்பிச்சிடுவான். திங்காத, உன் பொண்டாட்டி இதுல வெஷம் கலந்திருக்கான்னு. இப்ப போனாளே, அவதான் அவன வாங்கு வாங்குன்னு வாங்குவா. ‘போடா கிறுக்கா, அவளுக்கு உப்பே அளவாப் போடத் தெரியாது, வெஷத்த எங்க அளவாக் கலக்கப் போறா’ன்னு. அதக் கேட்டுத்தான் சிரிப்பேன். சிரிச்சிட்டா சாப்பாடு உள்ள போயிடும்.”



“அவ யாரு?” என்று கேட்டாள். இன்னமும் அதைத்தான் கேட்க வந்தது.

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான்.

“வேற யாரு? நான்தான்.”

சற்று நேரம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். நெற்றியில் வியர்த்துவிட்டது. அப்புறம் யாருமில்லாத பக்கம் திரும்பி, இதுவரை பேசிப் பழகாதவனைப் போலத் தடுமாறிச் சொன்னான்.

“என் பொண்டாட்டிய எனக்குத் தெரியும். நீ போ.”

ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டான்.

அவன் மென்று விழுங்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.