ஜூலை மாதப் பெட்டி

ஆண்டு முழுக்க உலகத்தில் நடந்ததை ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு படம், பன்னிரண்டு பெட்டி. ஜனவரி நிலநடுக்கம், மார்ச் தேர்தல், மே மாத வெள்ளம் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கும் பியூலா ஏழாவது பெட்டியில் நின்றுவிட்டாள். குண்டு விழுந்த துறைமுகம். விழுந்ததற்கு மறுநாள் எடுத்த படம். நடுவில் கப்பல் எரிகிறது. இடது ஓரத்தில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் முதுகைக் காட்டி நிற்கிறான்.

அங்கே கிரேன் ஓட்டப் போன அவள் கணவன் டார்வினிடமிருந்து, குண்டு விழுந்த நாள் முதல் போன் இல்லை. அவன் கிளம்பும்போது நீலச் சட்டையின் நைந்த காலரைப் பிரித்து, திருப்பிவைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். நீல நூல் இல்லாமல் வெள்ளை நூலில். படத்தைப் பெரிதாக்கினாள். கழுத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு இருக்கிற மாதிரி இருந்தது. இன்னும் பெரிதாக்கியதும் கட்டம் கட்டமாக உடைந்துபோனது.

செய்தி ஆசிரியர் கோமதிநாயகம் பின்னால் வந்து நின்றார். "கப்பல் போதும். ஓரத்துல நிக்கிற ஆளை வெட்டிரும்மா. முதுகைக் காட்டுற படம் நாம போடுறதில்லைல்ல. ஆறு மணிக்குப் பக்கம் போகணும்."

அவர் போனதும், வெட்டும் கோட்டை வலப்பக்கத்திலிருந்து நகர்த்தினாள். கப்பல் போனது. தீ போனது. அவன் தோளுக்கு மேலே கொஞ்சம் புகை மட்டும் மிச்சமிருந்தது.

ஆறு மணிக்கு அவர் வந்து பெட்டியைப் பார்த்தார்.

"யாரும்மா இது?"

பியூலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திரும்பினாத்தான் சார் தெரியும்."