நாற்பத்தோராம் பக்கம்

அதிபரைப் பதவி நீக்கும் விசாரணை நடக்கும் வாஷிங்டன் கூடத்தில், கேமரா விளக்குகள் எல்லாம் வழக்கறிஞர் வெஸ்லியின் மேலேயே கொட்டுகின்றன. அவன் முதுகுக்குப் பின்னால், நிழலில், சக வழக்கறிஞர் மார்லா. பதினோரு மாதம் பெட்டி பெட்டியாகத் துழாவி, அதிபரை மாட்டவைத்த கடிதத்தை எடுத்தவள் அவள்தான். "நான் கண்டெடுத்த கடிதம்" என்கிறான் வெஸ்லி, புது டையைத் தடவிக்கொண்டு. மார்லாவுக்கு வயிறு எரிகிறது. கோப்பைப் புரட்டும் அவன் விரல்கள் சட்டென்று தடுமாறுகின்றன. "எந்தப் பக்கம்? சீக்கிரம் சொல்லும்மா!" என்று பின்பக்கம் சாய்ந்து கிசுகிசுக்கிறான். அவள் வாயைத் திறப்பதாயில்லை. கூடமே காத்திருக்கிறது. எதிர்த்தரப்பில் யாரோ சிரிக்கிறார்கள். இப்படியே விட்டால் அவனோடு சேர்ந்து கடிதமும் எடுபடாமல் போய்விடுமே! எழுந்து அவனுடைய மைக்கை நோக்கியே குனிகிறாள். "நாற்பத்தோராம் பக்கம். நான்தான் எடுத்து அங்க வச்சேன்." கேமராக்கள் அவளிடம் திரும்புகின்றன. ஒரு நொடிதான். வெஸ்லி கணீரென்று வாசிக்கத் தொடங்கியதும் எல்லாம் அவனிடமே போய்விடுகின்றன.