முழுப்பேர்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றை முன்னே பின்னே மாற்றிச் சொன்னால் கதையே கவிழ்ந்துவிடும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். மூன்றாம் டிவிஷனில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நான்தான் கங்காணி. மாத ஆரம்பத்தில் கம்பனி என் கையில் ஒரு டெப்பைக் கொடுத்தது. பலகை மாதிரி பெரிய போன். அதைச் சொல்லிக்கொடுக்க கொழும்பு ஆபீசிலிருந்து றிஸாத் சேர் வந்திருந்தார்.

"இனிமே கொப்பி, பென்சில் கிடையாது. தரவு எல்லாம் இதுலதான்."

"என்னத்தைத் தரவாம்?" என்றாள் பின்னால் நின்ற தனுஜா. கூட்டமே சிரித்தது.

அவரும் சிரித்துவிட்டுச் சொன்னார். "நீங்க போடுறது அப்பவே கொழும்பு ஸ்கிரீன்ல தெரியும். டிவிஷன் நல்லா ஓடினா பச்சை. மோசம்னா சிவப்பு."

சிவப்பு என்றதுமே டெப்பை அவரிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன்.

மாதக் கடைசியில் தோட்டத்து மேனேஜர், பெரிய துரை, கூப்பிட்டு அனுப்பினார். போவதற்குள் மூன்று தரம் தண்ணீர் குடித்தேன்.

"ஹரி ஷோக், மங்கை! ரொம்ப ஜோர்! பன்னிரண்டு தோட்டத்துல உங்க டிவிஷன்தான் முதல்! ஒரு நாளைக்கு ஆளுக்கு இருபத்தி நாலு கிலோ! ஒரே பச்சை! எப்படி செஞ்சது?"

"தெரியலீங்க ஐயா."

உண்மையாகவே தெரியவில்லை. எங்கள் மலையில் இருபது கிலோவைத் தொடுவதே பெரும் பாடு.

அடுத்த நாள் என் கீழ் கொழுந்து பறிக்கும் ஷாமிளா ஒரு கடிதத்தோடு ஓடி வந்தாள். ஓடுகிற நிலையிலா இருக்கிறாள்? ஏழு மாதம்.

"அக்கா, மாசம் முழுக்க நான் வேலைக்கே வரலையாம்! பதிவுலேருந்து என்னை வெட்டப் போறாங்களாம். வெட்டிட்டா பிரசவ லீவும் இல்லை. என்மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

"நான் என்னடி செஞ்சேன்?"

"நீங்கதானே டெப்புல போட்டீங்க!"

அதே கடிதம் ஐந்து பெண்களுக்கு வந்திருந்தது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"டெப் கைக்கு வந்ததும் மங்கை அக்காவே தொரை ஆயிட்டாங்க." தனுஜா எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

புதன்கிழமை றிஸாத் சேர் வந்தார், பச்சையின் ரகசியத்தை எழுதிக்கொண்டு போவதற்கு. இந்தப் பச்சையால் அவருக்கும் பதவி உயர்வு வரப்போகிறது என்று ஆபீசில் பேச்சு.

நான் டெப்பை நீட்டினேன்.

"சேர், முதல் கட்டத்துல முழுப்பேர்னு இருந்துச்சு. அதனால முழுப்பேர் கிடைச்சவங்களை மட்டும் போட்டேன்."

"கிடைச்சவங்கன்னா?"

"இருபது கிலோ பறிச்சா அன்னைக்கு முழுப்பேர். குறைஞ்சா அரைப்பேர். அரைப்பேருக்குத்தான் நீங்க கட்டமே வைக்கலையே. ஷாமிளா இந்த மாசம் ஒரு நாளும் இருபது பறிக்கலை, பாவம்."

அவர் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அக்கா, முழுப்பேர்னா... அவங்களோட முழுப் பெயர். தகப்பன் பெயரோட சேர்த்து."

"தோட்டத்துல பேர்னா ஒரு நாள் வேலைங்க சேர். தகப்பன் பெயரை எதுக்கு மலைக்குக் கூட்டிட்டு வரணும்?"

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, மணி அடித்த மாதிரி சிரிப்பு நின்றது.

"அப்போ குறைவாப் பறிச்சவங்களை எல்லாம் விட்டுட்டுத்தான் இருபத்தி நாலு கிலோவா?"

"அப்படித்தான் இருக்கும்ங்க."

கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, இதை யாருக்கும் சொல்லாதீங்க. தொரைக்கும் சொல்ல வேணாம். நான் பார்த்துக்கிறேன்."

அவரை ஏற்றிக்கொண்டு வான் போய்விட்டது. ஏன் சொல்லக் கூடாது? பச்சை போனால் அவருடைய உயர்வும் போகும். அதனால் மூடப் பார்க்கிறார். நாளைக்கு வெளியே வந்தால், "போட்டது கங்காணி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். படித்தவர் சொல்வதை நம்புவார்களா, என்னை நம்புவார்களா? ஷாமிளா வயிற்றில் பிள்ளை. என் வயிற்றில் நெருப்பு.

மறுநாள் காலை, ஆபீஸ் வாசலில் ஷாமிளா எதிரே வந்தாள். முகமெல்லாம் பல்.

"அக்கா, என்னை வெட்டலையாம்! அஞ்சு பேரையும் வெட்டலையாம்! றிஸாத் சேர் நேத்து பொழுது சாயறதுக்குள்ளேயே கொழும்புக்கு எழுதிட்டாராம். மலைக்கு வந்து கேட்காம கட்டம் போட்டது என் பிழை, கங்காணி மேல ஒரு குற்றமும் இல்லைன்னு. நம்ம ஆபீஸ் நுஹ்மான் கிளாக்கர் இப்பதான் வாசிச்சுக் காட்டினாரு."

"அப்போ அவரோட பதவி உயர்வு?"

"அது போச்சாம். தொரை உங்களை ஏசுவாருன்னுதான், தான் எழுதி முடிக்கிற வரைக்கும் யாருக்கும் சொல்ல வேணாம்னாராம். எவ்வளவு நல்ல மனுசன்! அது சரி, நீங்க எங்கக்கா போயிட்டு வர்றீங்க?"

நான் பெரிய துரையின் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தேன், பிழையை மறைக்கச் சொன்னது றிஸாத் சேர்தான் என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு.